வாசல் பக்கத்துக் கம்பி

சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது வாசல் பக்கமாக ஒதுங்கி, பிரேக் கட்டையை உரசி உரசிப் போனது.

நேற்று பள்ளத்தில் விட்டதன் பலன். கோட்டம் எடுத்துச் சக்கரத்தை நேராக்கியாக வேண்டும்.

அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சைக்கிள் கடைக்காரர் மகள். நடை பழகியதே டயர்களுக்கு நடுவில்தான்.

இந்த வீட்டில் அவள் செய்த குற்றமும் அதுதான்.

"போயும் போயும் பஞ்சர் ஒட்டுறவன் பொண்ணா?" என்று கல்யாணத்துக்கு முன்னால் மகனிடம் கேட்ட மாமனார், கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் எதையுமே கேட்கவில்லை. ஒரு சொல் கிடையாது. காபி வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத் தலைவலி என்பார். சுவரின் சார்பில் அவள் கொண்டுவந்து வைப்பாள்.

மனிதர் கெட்டவர் இல்லை. அவள் வேலை முடிந்து வரத் தாமதமானால், வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். அவள் தலை தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

விளக்கெல்லாம் சரிதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்? மாமா என்று அவள் கூப்பிட்டு, அதற்கு ஒரு பதில் வந்தால் போதும். அதற்காக அவள் ஏங்கிக் கிடந்தது கணவனுக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்கு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மாமனார் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். ரொம்ப நேரமாக அதில் பக்கம் திரும்பவில்லை.

சக்கரம் வாசல் பக்கம் சாய்ந்தால், எதிரே இருக்கும் சமையலறைப் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியை முடுக்க வேண்டும். அது பிடித்து இழுத்தால் சக்கரம் நேராகிவிடும். முடுக்கும் சின்னச் சாவியை அந்தக் கம்பியில் மாட்டினாள்.

பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அது இல்லம்மா. வாசப் பக்கத்துக் கம்பிய முடுக்கு."

சுத்தத் தப்பு. அப்படி முடுக்கினால் கோட்டம் இன்னும் கூடும்.

ஆனால் அதைச் சுவரிடம் சொல்லவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னார். போதாததற்கு அதில் ஒரு 'ம்மா' வேறு.

"சரிங்க மாமா."

வாசல் பக்கத்துக் கம்பியையே முடுக்கினாள். சக்கரம் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. கண் கலங்கியிருந்ததால் அவளுக்கு அதுவும் சரியாகத் தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அவர் போன பிறகு, சத்தம் காட்டாமல் அந்தக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை முடுக்கிச் சக்கரத்தை நேராக்கினாள்.

அதற்குள் கணவன் வந்துவிட்டான். அவனிடம் குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தாள். பாவம் மாமா, கோட்டம் எடுப்பதைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கூப்பிட்டுச் சொன்னாரே, அது போதும் என்றாள்.

கணவன் திருதிருவென்று விழித்தான்.

"யாருக்கு, அப்பாவுக்கா தெரியாது? நாங்க ஓட்டுன அத்தன சைக்கிளுக்கும் கோட்டம் எடுத்தது அவர்தானே! கடைக்குக் குடுக்கவே விடமாட்டாரு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள்தான் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தாளே. பேச்சை ஆரம்பிக்க வேண்டுமானால், பாவம், அந்த மனிதருக்குத் தப்பாக ஒன்றைச் சொல்வதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.