வெள்ளை மேசை

விக்டோரியா மகாராணி காலத்துப் பூங்கா அது. வாசலில் வேடிக்கைக்காக வைத்திருந்த, ஆளைக் குள்ளமாக்கும் கண்ணாடியைத் தாண்டி, கோபுர மாடத்தின் மேலிருந்த இருட்டறைக்கு அமலோற்பவம் மட்டும் ஏறினாள். பக்கவாதத்திலிருந்து எழுந்த அவள் கணவர் சூசைக்கு இன்றுதான் வெளியே முதல் நடை. யாரும் கையைப் பிடிக்கக் கூடாது என்று காலையிலிருந்தே கடுகடுப்பு.

"நீ போய்ப் பாரு. நான் தனியா அந்த நீரூற்று வரைக்கும் நடக்கணும்."

அறையின் உச்சியில் ஒரு கண்ணாடி, கீழே வட்டமான வெள்ளை மேசை. கதவைச் சாத்தியதும், வெளியே இருந்த பூங்கா முழுவதும் அந்தக் கண்ணாடி வழியாக அசையும் பிம்பமாய் மேசைமேல் வந்து விழுந்தது. மரங்கள் சத்தமில்லாமல் அசைய, மனிதர்கள் எறும்புகளைப் போல ஊர்ந்தார்கள்.

"கையை வைங்கம்மா, உள்ளங்கையில ஏறுவாங்க" என்றார் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்த காவலாளி.

அப்போது மேசையின் ஓரத்தில் வலது காலை இழுத்து இழுத்து சூசையின் நீலச் சட்டை வந்தது.

"அண்ணே, திருப்பாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

சூசையின் வழியில் உள்ளங்கையை விரித்தாள். விரல் நுனியில் ஏறியவர், கையின் நடுவில் நின்று தள்ளாடினார். அவள் விரல்களை மெல்லக் குவித்தாள். கொஞ்ச நேரம் நின்றவர், மறுபடி காலை இழுத்து, மணிக்கட்டைக் கடந்து போனார்.

"மாதாவே" என்றாள்.

அவள் இறங்கி வந்தபோது, நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து சூசை சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

"பாத்தியா, யாரு கையும் இல்லாம வந்துட்டேன்!"

"பாத்தேங்க" என்றாள் அமலோற்பவம், மூடிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.