விரல் கிளிப்

மாசிலாமணியின் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் செருகி இருபது நாளாகிறது. மகன் குமரகுரு தினமும் பார்வை நேரத்தில் வந்து, அப்பாவின் முகத்தை விட்டுவிட்டுத் தலைமாட்டு மானிட்டரை மட்டும் தீபாராதனை பார்ப்பதுபோலப் பார்ப்பான். ஆக்சிஜன் எண்ணைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவான். நேற்று குழாயில் சளி அடைத்துக் கிழவருக்குக் கண் பிதுங்கிற்று. நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்து சளியை உறிஞ்சி எடுத்தாள்.

"சிஸ்டர், கொஞ்சம் நகருங்க. நம்பர் மறைக்குது" என்றான் அந்தப் புண்ணியவான்.

இன்று அவன் கதவைத் திறந்ததுமே, அவள் கிழவரின் விரலில் இருந்த ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். கையை ஒளிக்கக்கூட இல்லை. அவன்தான் கீழே பார்க்கிற ஜாதி இல்லையே. திரையில் தொண்ணூற்றொன்பது.

"அப்பா இன்னிக்கு சூப்பர் சிஸ்டர்! வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரலாம் போலிருக்கே."

"ஆமா சார். காலைல நாலு இட்லி உள்ள போயிருக்கு."

மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கிக்கொண்டிருக்க, அவன் இட்லியையும் சேர்த்துக் குழுவில் எழுதினான். கிழவர் சிரித்தார். சிரிப்பு வாய்வரை வராமல் தொண்டைக் குழாயிலேயே புஸ்ஸென்று போயிற்று.

மறுநாள் பார்வை நேர மணி அடித்தது. மாசிலாமணி தானே கிளிப்பைக் கழற்றி ஜெசிந்தாவிடம் நீட்டினார். கழற்றுவதற்குமுன் திரையில் எண் எண்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. வெளியே குமரகுரு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.