மிதக்கத் தெரியாதவன்

"இழு, ஐயாசாமி! இழு! மறுபடியும் முங்கிட்டான் பாரு!"

கடலோரப் படகுத்துறையிலிருந்து விசில் வீறிட்டது. விடுதி வார்டன் சதாசிவம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரப் பலகைகளின்மேல் தடதடவென்று ஓடி வந்தார்.

ஐயாசாமி தண்ணீருக்குள் துழாவி, சுப்ஹானைத் தோளைப் பிடித்துத் தூக்கினான். சுப்ஹான் இருமினான், துப்பினான், கண்ணைக் கசக்கினான்.

"உயிரோடதான் இருக்கேன் சார்."

"மார்பளவு தண்ணியில மூழ்குற ஒரே ஆள் ஜொகூர்லயே நீதான்யா!" வார்டன் இரைந்தார். "குண்டுக் காளியப்பன் மிதக்குறான்! அவன் ஏறினா சம்பான் படகே மிதக்காது, அவன் மிதக்குறான்! உனக்கு என்ன கேடு?"

"வாத்தியார் நல்லவர்தான் சார். நான்தான் மக்கு," என்று சுப்ஹான் ஐயாசாமியைக் கைகாட்டினான்.

"நாளைக்குச் சாயங்காலம் பரீட்சை. இங்கேயிருந்து தூரத்துல தண்ணிக்குள்ள நிக்குற அந்த மரத்தூண் வரைக்கும் நீந்தணும். இல்லேன்னா வேலை கிடையாது. உங்க மாமா கடையில மிளகாய் நிறுக்கப் போ!"

வார்டன் போய்விட்டார். ஐயாசாமியின் கை இன்னும் சுப்ஹானின் தோளிலேயே இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டான்.

இருவரும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருஷம். இருபத்திரண்டு வயது. விடுதியில் ஒரே அறை. பயிற்சி முடிந்தால் ஆற்றோரத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். அதனால் நீச்சல் தெரியாதவனுக்கு அறைத் தோழன் சொல்லித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ரப்பர் விலை விழுந்து கிடந்த அந்த வருஷத்தில், கையில் வந்த வேலையை விட்டவனுக்கு இன்னொன்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஸ்கூடாய் ஆற்றங்கரைத் தோட்டத்தில் பிறந்த ஐயாசாமிக்கு நீச்சல் நடை மாதிரி. சுப்ஹான் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து கப்பலேறி மாமா கடைக்கு வந்தவன். "அடப் பாவமே, குடிக்கவே தண்ணி இல்லாத சீமைன்னு எங்கப்பா சொல்லுவாரு. அங்கே நீச்சல் எங்கே?" என்று ஐயாசாமிதான் முதல் நாளே பரிதாபப்பட்டான்.

ஆனால் சுப்ஹான் ஏன் மிதக்கவில்லை என்பது ஐயாசாமிக்கு மட்டும் தெரியும்.

'தலையை நல்லாத் தூக்கு' என்று சொல்லிக் கொடுத்தான். 'காலை மடக்கி உதை' என்றான். 'மூச்சை முழுக்க விட்டுட்டுப் படு' என்றான். எல்லாம் தப்பு. வேண்டுமென்றே சொன்ன தப்பு.

சுப்ஹான் தண்ணீரில் படுக்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு கை, தாடைக்கு அடியில் ஒரு கை வைத்துத் தாங்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஐயாசாமி காலையிலிருந்து காத்திருப்பான். அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு மேசை. அந்த மேசையைத் தாண்ட அவனுக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை.

பாடம் முடியும்போதெல்லாம் சுப்ஹான் தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னிக்கும் வரலையே வாத்தியாரே. நாளைக்கும் வரணும்போல லா," என்பான். அதைக் கேட்டால் ஐயாசாமிக்குச் சோறு இறங்கும்.

இனி அப்படி இருக்க முடியாது. நாளைக்கு இவன் தோற்றால் வாழ்க்கையே போய்விடும்.

"சுப்ஹான்."

"சொல்லுங்க வாத்தியாரே."

"கிண்டல் வேணாம். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாமே தப்பு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"தெரியாமச் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

சுப்ஹானின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. "ஏன்டா?"

ஜலசந்தியைக் கடக்கும் காஸ்வே பாதையில் சிங்கப்பூர் ரயில் கூவிக்கொண்டு போனது.

"நீ கத்துக்கிட்டா இது முடிஞ்சிடும்."

"எது?"

"இதுதான்." ஐயாசாமி ஈரக் கையைத் தூக்கிக் காட்டினான். "ரூம்ல உன்னைத் தொட எனக்கு என்ன காரணம் இருக்கு, சொல்லு?"

சுப்ஹான் அந்தக் கையையே பார்த்தான். ஐயாசாமி அவசரமாகத் தொடர்ந்தான்.

"கோவமா இருந்தா அடி. வேற ரூமுக்குப் போறதுன்னாலும் போ. ஆனா இப்பச் சரியாக் கத்துக்கோ. வெளிச்சம் இருக்கு, கத்துக்கலாம். முகத்தைத் தண்ணியில வை, காலை நீட்டு, மூச்சை..."

சுப்ஹான் தண்ணீருக்குள் போனான்.

ஐயாசாமி வழக்கம்போல அவனைத் தூக்கக் கையை நீட்டினான். எதுவும் அகப்படவில்லை. இந்தப் பக்கம் துழாவினான். அந்தப் பக்கம் துழாவினான். வெறும் சேறு.

"சுப்ஹான்! ஐயோ, அலமாக், விளையாடாதடா!"

முங்கித் தேடினான். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தான். "சார்! வார்டன் சார்!" என்று கத்தினான். தன் கையாலேயே அவனைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தான்.

அப்போது மரத்தூணுக்கும் அப்பால் ஒரு தலை எழும்பியது.

அது திரும்பி வந்தது. தண்ணீர் தெறிக்கவில்லை, சத்தமில்லை. கயிறு பிடித்து இழுத்ததுபோல நேராக வந்து, அவன் எதிரில் எழுந்து நின்றது. சுப்ஹானுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"உனக்கு... நீ..."

ஐயாசாமியின் கையை சுப்ஹான் தண்ணீருக்கு அடியில் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"சங்கு குளிக்கிறவர் மகன்டா நான், நீ கையை எடுத்துடக் கூடாதேன்னுதான் இத்தனை நாளா உப்புத் தண்ணி குடிச்சேன்!"