ஒப்பீட்டுக்கு ஒருத்தி

முடியாதுன்னு ஒரு தடவையாவது சொல்லித் தொலையேன்டி என்று மனத்துக்குள் கெஞ்சியபடி, தன்னோடு இரட்டையாகப் பிறந்த மேகலாவின் கையில் சாருமதி ரத்தம் எடுக்க நரம்பைத் தேடினாள். தளர்ந்த தோலுக்கடியில் நரம்பு வழுக்கிக்கொண்டு போனது.

மூப்பு வராமலிருக்க, மரபணுப் பழுதை நீக்கும் ஊசியை ஆண்டுதோறும் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள், சாருமதியும்தான். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே அந்த ஊசியைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத ஓர் உடம்பு வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் “நான் இருக்கேன்டி” என்று மேகலா முன்வந்தபோது இருவரையும் பெற்றவளாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

“கேட்ல இருக்கிறவன், பொண்ணைப் பார்க்க வந்தீங்களாம்மான்னு கேட்டான். ஆமாப்பா, சரியாவே சாப்பிட மாட்டாள்னு சொல்லிட்டேன்” என்று மேகலா சிரித்தாள்.

சாருமதி குனிந்து மறுபடியும் நரம்பைத் தேடினாள்.

ஆய்வு நெறியாளர் கதிரேசன் எட்டிப் பார்த்தார். “தேர்வாளர் இன்னும் ஒரு வருஷத் தரவு கேட்கிறார்மா. அக்கா அதுவரைக்கும் ஊசி போட வேண்டாம்.”

“அக்கா இல்ல சார். எனக்குப் பின்னாடி பிறந்தவ.”

“சரி, தங்கச்சி. இப்ப விட்டா உன் பட்டமே போயிடும்.”

“ஒரு வருஷம்தானே, இருந்துட்டுப் போறேன்” என்றாள் மேகலா.

சாருமதி அவள் கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். மடித்துவிட்டிருந்த சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

“வேண்டாம் சார். போன வயசு திரும்பாது, இருக்கிறதாவது மிஞ்சட்டும். இவளுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறேன்.”