தூளிக் கம்பு

மூங்கில் பூத்து மலை முழுக்க ஒரே வருசத்தில் காய்ந்துபோயிருந்தது. பசிக்கு வேட்டையாட நஞ்சனிடம் மிச்சமிருந்ததோ பன்றி அடிக்கிற அகல அம்பு முனை ஒன்றுதான். உள்ளங்கை நீள இரும்பு, கனம் அதிகம். செத்த மூங்கிலில் அவன் சீவிய ஆறு தண்டுகளும் அதைச் செருகும்போதே பிளந்துவிட்டன.

அவன் பெண்டாட்டி மருதி எழுந்துபோனாள். பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து வெறுமனே தொங்கிய தூளியின் குறுக்குக் கம்பை உருவிக்கொண்டு வந்தாள். மூங்கில் பூக்கும் முன்பே வெட்டியது, அடுப்புப் புகையில் கறுத்து இறுகியிருந்தது. தூளிக் கம்பை உருவின வீட்டில் மறுபடி பிள்ளை தங்காது என்பார்கள் அவர்கள் சனங்கள்.

“வேணாம் புள்ள, கொண்டுபோயித் திரும்பக் கட்டிரு.”

“பெத்துக்கறதுக்கு மொதல்ல நாம உசுரோட இருக்கணுமில்ல. பொருத்திப் பாரு.”

முனையைச் சூடாக்கிச் செருகினான். பிளக்கவில்லை. இனி நகத்தில் ஊன்றிச் சுழற்ற வேண்டும். பொருந்தாத தண்டென்றால் அம்பின் வால் ஆடும், ஆடினால் கம்பைத் திரும்பத் தூளியிலேயே கட்டிவிடலாம். கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்துச் சுழற்றினான். கொஞ்சமாவது ஆடித் தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

அம்பு, சுற்றுவதே தெரியாமல் நின்றது.