வாஷிங் மெஷினின் நான்கு நிலைகள்

சர்வீஸ் சென்டர் மேனேஜரின் அறைக்குள் நுழைந்ததுமே சாஃப்ட்வேர் அனலிஸ்ட் வெள்ளைப் பலகையில் இரண்டு பெட்டிகள் வரைந்தார். ஒன்றில் 'கஸ்டமர்', இன்னொன்றில் 'மெஷின்'.

"சார், எந்த மெஷின் எந்த நிலையில இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டணும்னா முதல்ல ஆப்ஜெக்ட் மாடல், அதாவது எது எதோட சம்பந்தப்பட்டதுன்னு ஒரு படம் போடணும். ரிப்பேருக்கு வந்த மெஷினுக்கு என்னென்ன நிலை உண்டு?"

மேனேஜர் உற்சாகமானார். "நாலு. 'பார்த்துட்டிருக்கோம்', 'பார்ட்ஸ் வரணும்', 'ஆள் கிளம்பிட்டாரு', 'மேனேஜர் சீட்ல இல்ல'."

"ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு எப்ப மாறும்?"

"கஸ்டமர் போன் பண்றப்பதான். முதல் போனுக்கு முதல் நிலை, ரெண்டாவதுக்கு ரெண்டாவது..."

அனலிஸ்ட் 'கஸ்டமர்' பெட்டியிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்தார். "அப்ப மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"கப்புனு பிடிச்சுட்டீங்களே!"

"உதாரணத்துக்கு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடகடன்னு ஓடுதே, அந்த நீல மெஷின்?"

"அதுவா? வந்த மறுநாளே சரியாயிடுச்சு. எங்க யூனிஃபார்மெல்லாம் அதுலதான் துவைக்கிறோம். தங்கமான மெஷின்!"

அனலிஸ்ட் மார்க்கரை மூடி வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஏத்திட்டுப் போக வாசல்ல வண்டி நிக்குது. என் தொழில் இதேதான் சார், ஆனா இன்னிக்கு நான் சாஃப்ட்வேர் விக்க வரல. அந்த மெஷினோட கஸ்டமரே நான்தான். மூணு தடவை போன் பண்ணிப் பார்த்தேன். நாலாவதுக்கு நேர்லயே வந்துட்டேன்."

மேனேஜர் பழக்கதோஷத்தில், அனலிஸ்ட்டின் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"மேனேஜர் சீட்ல இல்லைங்க."