கூடத்தில் ஒரு வீடு

கண்காட்சிக் கூடத்தின் நடுவே நஞ்சி தன் அத்தையின் வீட்டைக் கட்டியிருந்தாள். மலையில் ஊரைக் காலிசெய்ய வனத்துறை இடித்துப் போட்ட அதே மூங்கில், அதே மூன்று அடுப்புக் கற்கள். உள்சுவரில் அவள் எடுத்த படம் திரும்பத் திரும்ப ஓடியது: எரிகிற அடுப்பில் சீருடைக்காரன் ஒருவன் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்கிறான். இதைப் பார்த்தால் யாருக்காவது மனசு உறுத்தாதா, ஊர் திரும்பக் கிடைக்காதா என்று நம்பித்தான் இத்தனையும் செய்தாள்.

திறப்பு விழாவுக்கு ரங்கி அத்தையை வரவழைத்திருந்தாள். அத்தை செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கற்களைத் தடவினாள். ஒரு மூங்கில் சிம்பை ஒடித்து, கற்களுக்கு நடுவே வைத்து, சுருக்குப்பையிலிருந்த தீப்பெட்டியால் பற்றவைத்தாள். அவர்கள் சனத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு அணைந்து கிடக்கும்.

அபாயமணி அலறியது. வந்திருந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். மேலாளர் ஓடிவந்தார்.

"மேடம், உங்க ஆளுதானே, நீங்களே சொல்லிடுங்க."

"அத்தே, இங்க தீ மூட்டக் கூடாது."

"வீடு கட்டியிருக்கேன், வான்னுதானே கூப்புட்ட?"

யாரோ தண்ணீர் பாட்டிலை நஞ்சியின் கையில் திணித்தார்கள். மணி நிற்கவில்லை. அவள் குனிந்து ஊற்றினாள். சுவரில் ஓடிய படத்திலும் அப்போது அடுப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அத்தை புகைக்குள் உட்கார்ந்தபடியே, முதல்முறையாகப் படத்தைப் பார்த்தாள். பிறகு நஞ்சியைப் பார்த்தாள்.

"நீயும் அவங்ககிட்டயே வேலைக்குச் சேந்துட்டியா, கண்ணு?"